மருமகளுக்கு முதலில் நான்கு மணி நேரத் தூக்கம்

கேள்வி: டாக்டரம்மா, கம்பத்துக்குப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். என் மகன் ஜீப் ஓட்டுகிறான். விடியக்காலையில் ஏலத்தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு வழியாக மலைக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவான். மருமகள் குமுளிப் பெண். தலைப்பிரசவம், பெண் குழந்தை. சம்பந்தியம்மா ஏலக்காய் எடுக்கப் போக வேண்டியிருந்ததால் 30-ஆம் நாளே இங்கே கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். இன்றைக்குக் குழந்தைக்கு 52 நாள். பிறக்கும்போது 2.8 கிலோ, 45-ஆம் நாள் ஊசி போட்டபோது 4 கிலோ. ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை சிறுநீர் போகிறது. ஆனால் சாயங்காலமானால் வீல் வீல் என்று அழுகிறது. பால் பத்தவில்லை, பவுடர் பால் கொடு என்கிறாள் என் நாத்தனார். குடல் ஏறியிருக்கும், தொக்கம் எடுக்க வேண்டும் என்கிறார்கள் பக்கத்து வீட்டில். மருமகள் யாரோடும் பேசுவதில்லை. குழந்தை தூங்கினாலும் அவள் தூங்குவதில்லை. முந்தாநாள் ராத்திரி, "இந்தப் பிள்ளைய யாராச்சும் எடுத்துட்டுப் போயிருங்க" என்று சொல்லிவிட்டாள். மகன் கத்திவிட்டான். நான் தோட்டவேலைக்கும் போய்க்கொண்டு நாலு பிள்ளைகளை வளர்த்தவள். இது சோம்பலா, திமிரா, நோயா என்று எனக்குப் பிடிபடவில்லை. அவளைக் கண்டித்து வைப்பதா, தாங்குவதா?

பதில்: அக்கா, தாங்குங்கள். இன்றைக்கே தொடங்குங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நீங்கள் எழுதியதில் என்னை உலுக்கியது இரண்டு விஷயம். ஒன்று, அவள் சொன்ன அந்த வார்த்தை. இன்னொன்று, குழந்தை தூங்கும்போதும் அவள் தூங்கவில்லை என்பது. அலுத்துப்போன பிள்ளை பெற்றவள் தலையைச் சாய்த்தால் போதும், அடித்துப்போட்டது போலத் தூங்கிவிடுவாள். படுத்தும் தூக்கம் வராமல் கூரையைப் பார்த்துக் கிடப்பவளுக்கு வெறும் அலுப்பு மட்டும் இருக்க முடியாது. சோம்பேறிக்குத் தூக்கம் நன்றாகவே வரும். ஆகவே சோம்பல், திமிர் என்ற இரண்டு சொற்களையும் இந்த நிமிடமே உங்கள் மனத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

இன்று மகன் இல்லாத நேரமாகப் பார்த்து அவள் பக்கத்தில் போய் உட்காருங்கள். குழந்தையைப் பற்றி எதையும் கேட்காதீர்கள். "உனக்கு எப்படித்தா இருக்கு?" என்று கேளுங்கள். அவள் "ஒண்ணுமில்ல அத்தை" என்பாள். எழுந்து வந்துவிடாதீர்கள், அங்கேயே இருங்கள். கொஞ்ச நேரம் கழித்து, அவள் சொன்ன அதே வார்த்தையை எடுத்து, "அன்னிக்கு அப்படிச் சொன்னியே, செத்துப்போகலாம்னு தோணுதா? பிள்ளைய ஏதாவது பண்ணிருவோமோன்னு பயமா இருக்கா?" என்று நேராகவே கேட்டுவிடுங்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தைத் தூண்டிவிட்டது போல ஆகாதா என்று தயங்குவீர்கள். ஆகாது. கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை. மனத்துக்குள் அது ஏற்கெனவே இருந்தால், யாரோ ஒருவர் பயப்படாமல் கேட்டதே அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருக்கும். அவள் எந்தப் பதில் சொன்னாலும் "அய்யய்யோ, பெத்தவ பேசுற பேச்சா இது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

ஆமாம் என்று சொன்னாலோ, பதில் சொல்லாமல் அழுதாலோ, அவளைத் தனியாக விடாதீர்கள். ஏலத்தோட்டத்துக்கு அடிக்கும் மருந்து டப்பா வீட்டிலோ கொட்டகையிலோ இருந்தால் சத்தமில்லாமல் எடுத்து வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். வண்டி கிடைக்காவிட்டால் 108-ஐக் கூப்பிடுங்கள். ராத்திரியில் யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் டெலி மனாஸ் என்ற அரசு மனநல உதவி எண் இருக்கிறது: 14416. கட்டணம் கிடையாது, எந்த நேரமும் தமிழில் பேசலாம். 2022 அக்டோபரிலிருந்து நாடு முழுக்க இது இயங்குகிறது. குமுளியிலிருந்து சம்பந்தியம்மாவும் இதே எண்ணில் பேசலாம்.

இன்னொரு நிலைமையும் உண்டு. அபூர்வமானது, ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வரும். இல்லாத குரல் கேட்பதாகச் சொல்வார்கள், சம்பந்தமில்லாமல் பேசுவார்கள், இது என் பிள்ளையே இல்லை என்பார்கள், நாள் கணக்கில் கண்ணே மூடாமல் பரபரவென்று திரிவார்கள். பெரும்பாலும் முதல் சில வாரங்களில் தொடங்கும். பேய் பிடித்துவிட்டது என்று மந்திரிக்கக் கூட்டிப் போவது இவர்களைத்தான். அது அவசர நோய். நெஞ்சுவலி வந்தவரை எப்படித் தூக்கிக்கொண்டு ஓடுவோமோ, அப்படி ஓட வேண்டும். உங்கள் கடிதத்தில் அந்த அறிகுறி எதுவும் எனக்குத் தெரியவில்லை. இருந்தாலும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது குழந்தை.

நீங்கள் எழுதிய எடைக் கணக்கே எனக்குப் பெரிய உதவி. 2.8 கிலோவிலிருந்து 45 நாளில் 4 கிலோ. 1,200 கிராம் கூடியிருக்கிறது, நாள் ஒன்றுக்குச் சுமார் 27 கிராம். முதல் மூன்று மாதத்தில் 20 முதல் 30 கிராம் வரை கூடினால் நன்றாக வளர்கிறது என்று அர்த்தம். அத்தோடு ஏழெட்டுத் தடவை சிறுநீர். உங்கள் மருமகளுக்குப் பால் போதவில்லை என்று யார் சொன்னாலும், தடுப்பூசி அட்டையை எடுத்து அவர்கள் முன்னால் வையுங்கள். அவள் காதில் விழும்படி, "இந்த நாலு கிலோவும் நீ கொடுத்த பால்தான் தாயி" என்று சொல்லுங்கள். ஐம்பது நாளாக அவள் காதில் விழாத வார்த்தை அது.

அப்படியானால் ஏன் அழுகிறது? இந்த வயதுக் குழந்தைகள் அழத்தான் செய்யும். பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து அழுகை ஏறிக்கொண்டே போகும். ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்தில் நிற்கும். அப்புறம் மெல்ல இறங்கி மூன்று நான்கு மாதத்துக்குள் அடங்கிவிடும். சாயங்காலம்தான் அதிகம். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளையும் அழும், பவுடர் பால் குடிக்கும் பிள்ளையும் அழும். உங்கள் பேத்திக்கு இப்போது ஏழரை வாரம், உச்சத்தைத் தாண்டும் நேரம். தொக்கம் எடுக்கிறேன், குடல் தட்டுகிறேன் என்று வருகிறவர்கள் கையில் அவளைத் தயவுசெய்து கொடுக்காதீர்கள். வாயில் ஊதுவதும், தலைகீழாகப் பிடிப்பதும், வசம்பை உரைத்துப் புகட்டுவதும் மூச்சுத்திணறலில் போய் முடிந்த குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். ஒரு வயது வரைக்கும் நாக்கில் தேனும் தடவ வேண்டாம்.

உடம்பு சுட்டால், அதாவது 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் இருந்தால், பால் குடிக்க மறுத்தால், துவண்டு கிடந்தால், பச்சையாக வாந்தி எடுத்தால், மூச்சு விடும்போது நெஞ்சு உள்வாங்கினால், நேரம் காலம் பார்க்காமல் ஆஸ்பத்திரி. இவை இல்லாத அழுகைக்கு ஒரு தோள் போதும்.

அந்தத் தோள் யாருடையது? அதைச் சொல்வதற்கு முன் என் தவறு ஒன்றைச் சொல்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தோட்டத்திலிருந்து ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்தாள். இருபது வயதிருக்கும். மார்புக் காம்பு வெடித்து, பால் கொடுக்கும்போது கண்ணீர் வடிந்தது. வெளியே நூறு பேர் காத்திருந்தார்கள். "இப்படிப் பிடிச்சா எப்படிம்மா குடிக்கும்? ஆஸ்பத்திரில சொல்லித் தரலையா? பிள்ளை பெத்துக்கத் தெரியுது, பால் கொடுக்கத் தெரியலையா?" என்று கேட்டேன். நான் சொன்னதில் மருத்துவம் சரிதான், குழந்தையை அவள் பிடித்திருந்த முறை தவறுதான். அவள் தலையைக் குனிந்துகொண்டு "சரிங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அடுத்த வாரம் வரச் சொல்லியிருந்தேன், வரவில்லை. மூன்று வாரம் கழித்து அவள் மாமியார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார். பிறந்த எடையைவிடக் குறைந்திருந்தது. தாய்ப்பாலை நிறுத்திவிட்டாள். ஒரு டப்பா பவுடரை ஒரு மாதம் ஓட்ட வேண்டும் என்று தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கரைத்திருக்கிறார்கள். பாட்டிலில் இருந்த பால் கையலம்பிய தண்ணீர் மாதிரி இருந்தது. "அப்பவே ஏன் வரலை?" என்று கேட்டேன். "டாக்டரம்மா திட்டுவாகன்னு வரமாட்டேன்னுட்டா" என்றார் அந்த அம்மா.

அந்தக் குழந்தை தேறிவிட்டது. ஆனால் அந்தப் பதிலை நான் மறக்கவே இல்லை. கண்டித்தால் தாய் திருந்திவிடுவாள் என்று நினைக்கிறோம். அவள் அடுத்த தடவை கஷ்டத்தை மறைத்துவிடுகிறாள். அந்த மறைப்புக்கு விலை கொடுப்பது குழந்தை.

ஆகையால் உங்கள் வீட்டில் முதல் வேலை ஆலோசனைகளை நிறுத்துவது. உங்கள் மருமகள் நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மலைக்கு மேலே தைலம் தேய்த்து, இலை போட்டுக் காய்ச்சிய வெந்நீரில் வேதுகுளி, லேகியம் என்று ஒரு முறை. மலைக்குக் கீழே பிரசவ மருந்து, பூண்டு, கருவாடு, தலைக்குத் தண்ணீர் ஊற்றாதே என்று இன்னொரு முறை. அங்கே செய்ததை இங்கே தப்பு என்பார்கள், இங்கே செய்வதை அம்மா போனில் கேட்டுவிட்டுத் தப்பு என்பார். இரண்டு ஊர்ப் பேச்சுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அந்தப் பெண் வாயை மூடிக்கொண்டுவிட்டாள். இந்த இரண்டு முறையில் எது உசத்தி என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை, அவளுக்கு எது இதமாக இருக்கிறதோ அதைச் செய்யட்டும். ஒன்றே ஒன்றில்தான் எனக்குப் பிடிவாதம்: பிள்ளை பெற்றவள் தண்ணீர் குடிக்கக்கூடாது, அரை வயிறுதான் சாப்பிட வேண்டும் என்று யாரும் சொல்லக்கூடாது. தாகத்துக்குத் தண்ணீர், பசிக்குச் சோறு, அதோடு முட்டையோ மீனோ பருப்போ கீரையோ.

இரண்டாவது வேலை தூக்கம். அவளுக்குத் தொடர்ச்சியாக நான்கு மணி நேரத் தூக்கம் வேண்டும். துண்டு துண்டாகச் சேர்த்து நான்கு மணி நேரம் என்றால் கணக்கில் வராது. ராத்திரி 9 மணிக்கு அவள் பால் கொடுத்து முடித்ததும் குழந்தையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். அவள் வேறு அறையில் கதவைச் சாத்திப் படுக்கட்டும். 1 மணி வரைக்கும் குழந்தை உங்கள் பொறுப்பு. இடையில் பசித்து அழுதால் கொடுக்க, பகலிலோ மாலையிலோ அவள் வசதிப்படி கொஞ்சம் பால் பீச்சி வைக்கலாம். குளிர்பெட்டி இருந்தால் அதில் வையுங்கள், இல்லையென்றால் படுக்கப் போகும்போது பீச்சிய பாலை நான்கு மணி நேரத்துக்குள் கொடுத்துவிடலாம். பாட்டில் வேண்டாம், கொதிநீரில் போட்டெடுத்த பாலாடையில் புகட்டுங்கள். பீச்ச வரவில்லை என்றால் அதற்காக அவளைப் படுத்த வேண்டாம். குழந்தையைக் கொண்டுபோய்ப் பால் குடிக்க வைத்துவிட்டு உடனே வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். ஏப்பம் விட வைப்பது, துணி மாற்றுவது, ஆட்டித் தூங்க வைப்பது எல்லாம் உங்களுடையது. குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள், முகத்துக்குப் பக்கத்தில் தலையணையோ தடித்த துணியோ இருக்க வேண்டாம். உங்களுக்கே கண் சொருகினால் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சாயாதீர்கள், கீழே பாயில் கிடத்திவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. உதவி என்ற பெயரில் குழந்தையையே உங்கள் பிள்ளை ஆக்கிக்கொண்டுவிடாதீர்கள். "உனக்குத் தெரியாது, கொடு இங்கே" என்று பிடுங்கினால், தனக்கு வளர்க்கத் தெரியாது என்ற அவளுடைய எண்ணம் இன்னும் ஆழமாகப் போகும். சமையல், பாத்திரம், துணி, வாசலுக்கு வருகிறவர்களைச் சமாளிப்பது, இவற்றை நீங்கள் எடுத்துக்கொண்டு குழந்தையை அவளிடம் விடுங்கள். அவள் கேட்கும்போதும், தூங்கப் போகும்போதும் வாங்கிக்கொள்ளுங்கள்.

எனக்கு முதல் குழந்தை பிறந்த மூன்றாவது வாரம் நடந்தது இது. குழந்தை மருத்துவம் படித்தவள் நான். அன்றைக்கு அழுகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, கொதித்து வழிகிற பாலை அணைக்கக்கூடத் தோன்றாமல் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். எதிர்வீட்டில் நெடுங்கண்டத்துக்காரச் சேச்சி ஒருவர் இருந்தார். ஒரு தூக்கில் கஞ்சியும் பயறும் கொண்டு வந்தார். அடுப்பை அணைத்தார். "மோளே, நீ போயி உறங்கு" என்று சொல்லிக் குழந்தையை வாங்கிக்கொண்டார். அவ்வளவுதான். குழந்தை ஏன் அழுகிறது, பால் இருக்கிறதா என்று ஒரு கேள்வி கிடையாது. மூன்று மணி நேரம் கழித்து எழுந்து வந்தபோது அடுப்பு துடைத்திருந்தது, பிள்ளை அவர் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. இந்த இருபத்தைந்து வருஷத்தில் எத்தனையோ தாய்மாருக்கு நான் எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டுகளில், அந்தச் சேச்சி எனக்குக் கொடுத்ததைவிடப் பலனுள்ளது அதிகம் இருக்காது.

ஆனால் தூக்கமும் அன்பும் மட்டும் போதும் என்று விட்டுவிடவும் கூடாது. பிரசவமான இரண்டு மூன்று நாளில் வரும் அழுகையும் படபடப்பும் இரண்டு வாரத்துக்குள் தானாகப் போய்விடும். உங்கள் மருமகளுக்கு ஏழு வாரம் தாண்டிவிட்டது, இது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. நம் நாட்டு ஆய்வுகளையெல்லாம் தொகுத்து 2017-ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளிவந்த கணக்குப்படி, இந்தியாவில் நூறு தாய்மாரில் 22 பேருக்கு இது வருகிறது. உங்கள் தெருவில் ஐந்து வீட்டில் பிரசவம் என்றால் ஒரு வீட்டில் இது இருக்கும், வெளியே சொல்ல மாட்டார்கள். கோவாவில் நடந்து 2002-ல் வெளியான ஓர் ஆய்வு, ஏழ்மையும், வீட்டுச் சண்டையும், ஆண் குழந்தையை எதிர்பார்த்திருக்கப் பெண் குழந்தை பிறந்ததும் இந்தச் சோர்வை வளர்ப்பதாகக் காட்டியது. பேத்தியைப் பார்க்க வருகிறவர்கள் "அடுத்தது பையனாப் பெத்துரு" என்று சொல்கிறார்களா என்று கவனியுங்கள். சொன்னால் நீங்களே முந்திக்கொண்டு வாயை அடைத்துவிடுங்கள். அந்த வேலையை அவளால் செய்ய முடியாது, வீட்டுக்குப் பெரியவர் நீங்கள்தான் செய்ய முடியும்.

இது குணமாகிற நோய். பாகிஸ்தானில் ராவல்பிண்டிப் பக்கத்துக் கிராமங்களில் செய்து பார்த்திருக்கிறார்கள். மனநல மருத்துவர்கள் போகவில்லை. நம் ஊர்க் கிராம சுகாதாரச் செவிலியர் மாதிரியான பெண்கள், கொஞ்சம் பயிற்சி எடுத்துக்கொண்டு, சோர்வில் இருந்த கர்ப்பிணிகள் வீட்டுக்குப் போய், வீட்டாரையும் சேர்த்து உட்கார வைத்துப் பேசினார்கள். பிரசவத்துக்குப் பிறகும் போனார்கள். குழந்தைக்கு 6 மாதம் ஆனபோது அந்தத் தாய்மாரில் 23 சதவீதம் பேருக்குத்தான் மனச்சோர்வு இருந்தது. வழக்கமான வருகை மட்டும் நடந்த ஊர்களில் 53 சதவீதம். 2008-ல் வந்த முடிவு இது. அதனால் உங்கள் ஊர் செவிலியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பத்துக் கேள்விகள் கொண்ட ஓர் எளிய படிவம் தமிழிலும் இருக்கிறது, அதை வைத்துச் சோர்வின் அளவை ஓரளவு கண்டுபிடித்துவிடலாம்.

இந்த வாரத்துக்குள் கம்பம் அரசு ஆஸ்பத்திரிக்கோ கானாவிலக்கு மருத்துவக் கல்லூரிக்கோ கூட்டிப் போங்கள். ரத்தத்தில் ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிப்பேருக்கு மேல் ரத்தசோகை. பிரசவத்துக்குப் பிறகு தைராய்டு கோளாறும் சிலருக்கு வரும். இரண்டுமே மனத்தைக் கீழே இழுக்கும், இரண்டுக்குமே மருந்து உண்டு. மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னால் பயப்பட வேண்டாம். பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மாத்திரைகள் இருக்கின்றன, பைத்தியம் என்று யாரும் பட்டம் கட்டிவிட மாட்டார்கள்.

மகனைப் பற்றி. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. விடியலில் எழுந்து, பத்துப் பதினைந்து உயிரை ஏற்றிக்கொண்டு அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்குகிறவர். ராத்திரி முழுக்க அவரை விழிக்க வைப்பது ஆபத்து. ஆனால் சாயங்கால அழுகை நேரத்தில் அவர் வீட்டில்தான் இருக்கிறார். கைகால் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு, ஆறரையிலிருந்து எட்டு வரை பிள்ளை அவர் தோளில் இருக்கட்டும். தெருவில் நடக்கட்டும், பாட்டுப் பாடட்டும். அழுகை நிற்காவிட்டால் அவர் தோற்றுவிட்டதாக அர்த்தம் இல்லை. பொறுமை போய்விட்டால், அவரானாலும் மருமகளானாலும் நீங்களானாலும், குழந்தையைப் பாயில் பத்திரமாகக் கிடத்திவிட்டு வாசலுக்குப் போய் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள். ஐந்து நிமிடம் அழுவதால் ஒன்றும் ஆகாது. கோபத்தில் ஒரு தடவை குலுக்கிவிட்டால் மூளைக்குள் ரத்தம் கசிந்துவிடும். அப்புறம், அன்றைக்குக் கத்தியதற்கு மனைவியிடம் அவர் ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிக்க வேண்டும். ஜீப்பை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் வந்ததும் குழந்தை எங்கே என்று கேட்பதற்கு முன் அவள் சாப்பிட்டாளா என்று கேட்கட்டும்.

நாலு பிள்ளைகளை வளர்த்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். தோட்டவேலைக்கும் போய்க்கொண்டு அப்படி வளர்த்த உங்களை அன்றைக்கு யாராவது, "நீ எப்படி இருக்க?" என்று கேட்டார்களா? கேட்டிருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். கேட்காமலே நீங்கள் தாங்கினீர்கள், அது உங்கள் பெரிய மனசு. அதற்காக அவளும் அப்படித் தாங்க வேண்டும் என்று இல்லை. உங்களுக்கும் வயது ஏறிவிட்டது. 1 மணி வரை விழித்தால் பகலில் நீங்களும் தூங்க வேண்டும். நாத்தனார் வந்தால் பவுடர் பால் பேச்சை விட்டுவிட்டு மதியச் சாப்பாட்டைச் செய்துகொடுக்கச் சொல்லுங்கள். சம்பந்தியம்மாவுக்கு வேலையில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகன் ஜீப்பிலேயே போய்க் கூட்டி வரட்டும். அம்மா மடியில் அவள் ஒரு பகல் தலை வைத்துப் படுக்கட்டும்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது தடுப்பூசி அட்டையையும் பிரசவச் சீட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் அறைக்குள் அவளைத் தனியாக அனுப்புங்கள், அவளுக்குப் பதிலாக நீங்கள் எதையும் சொல்ல வேண்டாம். உள்ளே எவ்வளவு நேரம் ஆனாலும் ஆகட்டும். நீங்கள் வெளியே பெஞ்சில் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருங்கள். அவள் வெளியே வந்ததும் டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்காமல், ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்.